போனை வெளியே வைத்த பிறகு: ஒரு காலை ஜெபத்தின் பத்து மாதப் பதிவு

எங்கள் ஜெபக்குழுவில் இருக்கும் ஒரு சகோதரியின் பத்து மாத முயற்சியை இங்கே எழுதுகிறேன். எழுதச் சம்மதித்தவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். யாரென்று தெரியும்படி எதுவும் இருக்கக்கூடாது. அப்புறம், "என்னைப் பெரிய ஜெபவீராங்கனை மாதிரி காட்டிவிடாதீர்கள், அக்கா." முதலாவது எளிது. இரண்டாவது அதைவிட எளிது, ஏனென்றால் இதில் நடந்த தவறுகளில் பாதி என்னுடையவை.

அவருக்கு வயது 38. கணக்குப் பிரிவில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. இரண்டு பிள்ளைகள். கல்லூரிக் காலத்திலேயே தொடங்கிய காலை ஜெபத்தைக் கல்யாணம், பிரசவம், வேலை மாற்றம் எல்லாவற்றையும் தாண்டிக் காப்பாற்றி வந்தவர். அதனால் ஒரு நாள் ஆராதனை முடிந்து அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது.

"தினமும் அரைமணி நேரம் உட்காருகிறேன், அக்கா. எழுந்திருக்கும்போது ஜெபித்தேனா இல்லையா என்றே தெரியவில்லை."

ஜெபத்தை விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலை ஜெபத்தைப் பற்றி நாம் கொடுக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் எழுந்திருக்காதவர்களுக்கானவை: சீக்கிரம் தூங்கு, அலாரம் வை, ஒரு நாளும் விடாதே. இவர் எழுந்தார், உட்கார்ந்தார், வேதாகமத்தைத் திறந்தார். வழக்கம் முழுசாக இருந்தது, உள்ளே ஜெபம் இல்லை. அவரே இதற்குப் பல காரணங்களைத் தேடிப் பார்த்திருந்தார். மனந்திரும்பாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். மூன்று நாள் உபவாசம் இருந்தார். இன்னும் அரைமணி முன்னால் எழுந்தார். அதன் பலனாக அரைமணி நேரக் குழப்பம் ஒருமணி நேரக் குழப்பமாயிற்று.

முதல் வாரம்: எதையும் மாற்றவில்லை

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், குறித்து மட்டும் வை என்றேன். பக்கத்தில் ஒரு தாள், ஒரு பென்சில். ஜெபநேரத்தில் போனைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, எதற்காக எடுத்தார் என்று ஒரு சொல். வீடியோ, செய்தி, யாருடைய படமாவது என்றுதான் அந்தத் தாளில் இருக்கும் என்று இருவரும் எதிர்பார்த்தோம்.

ஏழு நாளில் 41 கோடுகள். அவற்றில் 29 ஜெபத்துக்காகவே எடுத்தவை.

புதன்கிழமை நடந்ததை அவர் நினைவிலிருந்து முழுசாக எழுதிக் கொடுத்தார். அலாரம் போனில் அடிக்கிறது. அதை நிறுத்தப் போனை எடுக்க வேண்டும். எடுத்தால் திரையில் ஜெபக்குழுவின் மெசேஜ்: ஒரு சகோதரருக்கு இன்று காலை அறுவை சிகிச்சை, ஜெபியுங்கள். படுக்கையிலேயே ஒரு வரி ஜெபித்தார். அதற்குக் கீழே இரண்டு பேர் அனுப்பிய வசனப் படங்கள், சூரிய உதயத்தோடு. பிறகு எழுந்து, கணவர் விழித்துவிடக் கூடாதென்று போன் வெளிச்சத்திலேயே மேசைக்கு வந்து, வேதாகமச் செயலியைத் திறந்தார். தொடர்ந்து 212 நாள் வாசித்ததற்கு ஒரு பாராட்டு. சங்கீதம் 27. நான்காம் வசனத்தில் ஒரு சொல் பிடிபடவில்லை, வேறொரு மொழிபெயர்ப்பைப் பார்க்கலாம் என்று மாற்றினார். அந்த நேரத்தில் மேலிருந்து ஓர் அறிவிப்பு இறங்கியது. அலுவலக மெயில். தலைப்பில் "அவசரம்" என்ற சொல்.

அந்த மெயிலை அவர் திறக்கவில்லை. அதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார். தலைப்பை மட்டும்தான் படித்தார். ஆனால் அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு மேல், திரையில் சங்கீதம் திறந்திருக்க, மனதுக்குள் அந்த மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அந்த எச்சத்துக்கு, படிக்காத ஒரு மெயிலின் தலைப்பே போதுமானதாக இருந்திருக்கிறது.

தாளைப் பார்த்து அவருக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் எரிச்சல். "நான் உலகப்பிரகாரமாகிவிட்டேன் என்று அழுதேனே, அக்கா! நான் எடுத்ததெல்லாம் வசனத்துக்கும் ஜெபக்குறிப்புக்கும்தான்." உண்மைதான். வேதாகமம், ஜெபக்குறிப்பு, பாட்டு, அலாரம், மேசை வெளிச்சம்கூட அந்த ஒரே பொருளுக்குள் இருந்தன. அவர் ஆண்டவரிடம் போகும் வாசல் வழியாகத்தான் அலுவலகமும் குழுவும் ஊர் விவகாரமும் உள்ளே வந்துகொண்டிருந்தன. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னார் இயேசு (மத்தேயு 6:6). இவருக்குப் பூட்டக் கதவே இல்லை.

போன் பக்கத்தில் இருந்தாலே, தொடாவிட்டாலும், யோசிக்கும் திறன் குறைகிறது என்று 2017-ல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பிரசங்கங்களிலும் அது அடிபடுகிறது. பின்னால் அதைச் செய்து பார்த்த எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதனால் நான் அதைப் பெரிதாகப் பிடித்துக்கொள்வதில்லை. எங்களுக்கு அந்த 41 கோடுகள் போதும்.

போனை வெளியேற்றிய விதம்

"போனைத் தூர வை" என்று சொல்வது சுலபம். அவருடைய ஜெபநேரத்தில் அது ஆறு வேலை செய்துகொண்டிருந்தது. ஆறுக்கும் மாற்று இல்லாமல் அதை எடுத்தால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம். வெளிச்சத்துக்கு ஒரு சின்ன மேசை விளக்கு. நேரம் பார்க்க அதே கடிகாரம், ஆனால் முகம் சுவரைப் பார்த்திருக்க. பாட்டுக்கு அவருடைய சொந்தக் குரல், அல்லது பாட்டே வேண்டாம். வேதாகமத்துக்குக் கல்யாணத்தில் கிடைத்த அச்சுப் பிரதி. தங்க ஓரம் போட்ட தாள்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, பல அதிகாரங்களை முதல் தடவையாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடக் கல்யாணம். இதை எழுதவா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஆறாவது, ஜெபக்குறிப்பு. போனில் 63 பெயர்கள் இருந்தன. கையால் நோட்டில் எழுது என்றேன். எழுதும்போது ஒவ்வொரு பெயரிலும் நிற்க வேண்டியிருந்தது: இவர் யார், என்ன கேட்டார், இப்போது எப்படி இருக்கிறார்? சிலரைக் கூப்பிட்டு விசாரித்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து ஒரு வருடமானவர்கள் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே பிறந்து, இப்போது வீடெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் சுகப்பிரசவத்துக்காக இவர் இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நோட்டில் நின்றவை 22 பெயர்கள். வாரத்தின் ஆறு நாளுக்குப் பங்கு பிரித்தார், ஒரு நாளைக்கு மூன்று நான்கு பேர். கேட்டவர்கள் எல்லாரையும் விட்டுவிடாமல் பட்டியலில் வைத்திருப்பதுதான் உண்மையுள்ள ஜெபம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். 63 பெயர்கள் மேல் கண்ணை ஓட்டுவதும் ஒருவகை ஸ்க்ரோல்தான்.

பிறகு, அவருடைய நியாயமான பயம் ஒன்று. அப்பாவுக்கு இதயக் கோளாறு. "விடியற்காலையில் ஏதாவது ஆனால்?" பலர் போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்க இது ஒரு காரணம், இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், இரண்டு எண்களிலிருந்து வரும் அழைப்பு மட்டும் சத்தமாக ஒலிக்கட்டும், மற்றதெல்லாம் மௌனம் என்று அமைத்தோம். அவருடைய கணவர் செய்துகொடுத்தார். அந்த இரண்டு எண்களும் இதுவரை ஒரே ஒருமுறைதான் அந்த நேரத்தில் ஒலித்தன, அதுவும் தவறுதலாக.

தேடப்படுகிறோம் என்ற உணர்வு நம் காலத்துக்கு மட்டும் உரியதல்ல. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிப்பதை (1:35) எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அடுத்த இரண்டு வசனங்களை வாசிப்பதில்லை. சீமோனும் கூட இருந்தவர்களும் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவருடைய ஜெபத்துக்கும் இடையூறு வந்தது, அதுவும் சீஷர்கள் வழியாக. அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவுமில்லை, தேடியவர்களிடம் திரும்பிப் போகவுமில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குள் அவருக்குத் தெளிவாகியிருந்தது.

நான் செய்த இரண்டு தவறுகள்

முதல் தவறு சின்னது. தொடக்கத்தில், போனை வெளியேற்றுவதற்கும் முன்னால், அறிவிப்புகளைத் தடுக்கும் அமைப்புகளைப் போனிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, எந்தச் செயலிக்கு எந்த நேரத்தில் அனுமதி என்று ஒழுங்குபடுத்துவதிலேயே இரண்டு காலை போயிற்று. சிலருக்கு இது உதவலாம். இவருக்கு அது இன்னொரு வேலையாக மாறியது.

இரண்டாவது தவறு பெரியது. ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுப்பது நல்லது என்று எண்ணி, "ஜெபம் முடிந்ததும் எனக்கு ஒரு வரி மெசேஜ் போடு" என்றேன். மூன்று நாள் ஒழுங்காக வந்தது. நாலாம் நாள் வழக்கத்தைவிடக் கால்மணி முன்னதாகவே வந்தது. கேட்டால், ஜெபத்தின் கடைசிப் பகுதி முழுக்க எனக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். மெசேஜ் போட எடுத்த போனில் வேறு எட்டு மெசேஜ்கள். கதவைப் பூட்ட உதவி செய்ய வந்த நானே ஜன்னலைத் திறந்துவைத்திருந்தேன். அன்றோடு அதை நிறுத்தினோம். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒரு புள்ளி, வாரக் கடைசியில் நேரில் பார்க்கும்போது பேச்சு, அவ்வளவுதான்.

போன் போன பிறகு

எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்த இடத்தில் நிலைமை மோசமாயிற்று. முதல் பத்து நாள் அவருக்குத் தூக்கம் வந்தது. சலிப்பு வந்தது. கை தானாகவே மேசையின் வலது ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. மின்கட்டணம், பிள்ளையின் பள்ளிப் படிவம், நேற்றுச் சொன்ன ஒரு பேச்சு என்று மனம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டியது. "போன் கூடத்தில் இருக்கிறது, அக்கா. ஆனால் உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கிறது."

இந்த இடத்தில் பலர் கைவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். போன்தான் எதிரி என்று நம்பி அதை வெளியேற்றியவர்களுக்கு, எதிரி போன பிறகும் தோற்றால் பழி போட யாருமில்லை, தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டும். அதனால் அவருக்கு இரண்டு பழைய ஆட்களை அறிமுகப்படுத்தினேன். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ், துறவிகளுக்கு நண்பகலில் வரும் ஒரு சோர்வை வர்ணிக்கிறார்: அறைக்குள் இருக்கும் துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்க்கிறார், சூரியன் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்க்கிறார். இன்னொருவர் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஆவிலா ஊர் தெரேசா. ஜெபத்தைப் பற்றி இவரைவிட ஆழமாக எழுதியவர்கள் குறைவு. அவரே சில வருடங்கள், குறித்த ஒருமணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டு பேரிடமும் போன் இல்லை.

இதைக் கேட்டு அவர் சிரித்தார். அந்த வாரம் புள்ளிகள் விடாமல் விழுந்தன.

அடுத்து நேரத்தைக் குறைத்தோம். அரைமணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு. அவருக்கு இது அவமானமாக இருந்தது. "ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஜெபமா?" ஜெபத்தின் நீளத்தை வைத்து ஆவிக்குரிய உயரத்தை அளக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய ஆறாம் நூற்றாண்டு பெனடிக்டே, ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அவருக்கு நூறு வருடத்துக்கும் முன்னால் அகஸ்டின், புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில், எகிப்தின் சகோதரர்கள் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக, அம்பு எய்வதுபோல ஜெபிக்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார். நீண்டு இழுத்தால் கவனம் மழுங்கிவிடும் என்பது அதற்குக் காரணம். ஜெபத்தைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்கள் இப்படிச் சொல்லும்போது, இரண்டு பிள்ளைகளும் ஒரு வேலையும் உள்ளவர் பத்து நிமிடத்துக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பத்து நிமிடத்துக்குள் என்ன? ஒரு சங்கீதம், வாய்விட்டு, மெல்லிய குரலில். கண்ணால் வாசிப்பதைவிட வாயால் வாசிக்கும்போது மனம் ஓடுவது குறைவு, ஓடினாலும் குரல் தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறகு அன்றைய மூன்று நான்கு பெயர்கள். பிறகு கர்த்தருடைய ஜெபம், ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி. மீதி நேரம் சும்மா இருப்பது. சும்மா இருப்பதுதான் கடினம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

துண்டுத்தாள்

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜெபத்தின் நடுவே வரும் நினைவுகளை என்ன செய்வது? விரட்டினால் திரும்ப வருகின்றன. பின்னால் போனால் ஜெபம் போய்விடுகிறது. ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டு, வருவதை ஒரே ஒரு சொல்லாக எழுதிவிட்டுத் திரும்பும்படி சொன்னேன். "படிவம்." "சோப்பு." "மெயில்." எழுதியாயிற்று, மறந்துவிடாது என்று தெரிந்ததும் மனம் அதை விட்டுவிடுகிறது. இதில் புதிதாக ஒன்றுமில்லை, பலர் செய்வதுதான்.

மூன்று வாரத் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பெரும்பாலான சொற்கள் ஒரு நாள் வந்து மறுநாள் இல்லை. ஆனால் ஒரு சொல் கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இருந்தது: "அறிக்கை".

"இது என்ன, இன்னும் முடியாத வேலையா?" என்று கேட்டேன். இல்லை, அது முடிந்து நான்கு மாதம் ஆகிறது என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். அவர் இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த ஓர் அறிக்கையைக் கூட வேலை செய்பவர் ஒருவர் தன் பெயரில் மேலிடத்தில் கொடுத்துப் பாராட்டு வாங்கிக்கொண்டார். இவர் எதுவும் சொல்லவில்லை. வெளியில் மன்னித்துவிட்டதுபோல நடந்துகொண்டார். மனதில் அது ஆறாமல் கிடந்தது. தினமும் காலையில், கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரிக்குப் பக்கத்தில் எங்கேயோ அது எழுந்து வந்தது. அவர் அதை ஒரு கவனச்சிதறலாகக் கருதித் துண்டுத்தாளில் எழுதி ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தார், சோப்போடும் படிவத்தோடும் சேர்த்து.

பழைய நாள்களில் இந்த நினைவு வரும்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "போனை எடுப்பேன் என்று நினைக்கிறேன், ஏதாவது வசனம் பார்க்க" என்றார்.

அதுவரை நாங்கள் போன் அவரை ஜெபத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது என்றே பேசிக்கொண்டிருந்தோம். அது ஒரு பாதி. கசப்போ பயமோ எழும்போதெல்லாம் அங்கேயிருந்து தப்பிப் போக அவருக்குக் கௌரவமான வழி ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே போன்தான். அந்த 29 கோடுகளில் எத்தனை அப்படித் தப்பித்தவை என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. சில நிச்சயம் இருந்திருக்கும்.

அதிலிருந்து துண்டுத்தாளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. வந்துபோகும் வேலைகள் அதில் இருக்கலாம். ஒரு சொல் மூன்றாம் தடவை வந்தால் அது வேலையல்ல, ஜெபக்குறிப்பு, நோட்டுக்குப் போக வேண்டும். "அறிக்கை" போயிற்று. அந்த மனிதரின் பெயரை வியாழக்கிழமைப் பட்டியலில் எழுதினார். முதல் வியாழக்கிழமை அந்தப் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை. இரண்டாவது வியாழன் சொன்னார், ஆனால் ஆசீர்வதியும் என்று சொல்ல மனமில்லாமல் பெயரோடு நிறுத்திக்கொண்டார். அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பல மாதங்களில் முதன்முறையாக, ஜெபித்தேன் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது அந்த வியாழக்கிழமைதானாம். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அவர் பேசாமலே இருந்தார்.

இரண்டாம் மாதச் சூழ்ச்சி, மூன்றாம் மாதச் சரிவு

இரண்டாம் மாதத்தில் மனம் ஒரு புதுக் கணக்குப் போட்டது. முதலில் ஒரு நிமிடம் மெயிலைப் பார்த்துவிட்டால் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும், பிறகு நிம்மதியாக ஜெபிக்கலாம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். 1535-ல் மார்ட்டின் லூத்தர், எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தன் நாவிதர் பீட்டருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதைப் பற்றியே எச்சரிக்கிறார்: ஒருமணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணங்களிடம் ஜாக்கிரதையாக இரு, அந்த வேலை உன்னைப் பிடித்துக்கொள்ளும், அன்றைய ஜெபம் போய்விடும். கவனத்தைப் பற்றி அவர் தரும் உதாரணமும் நாவிதருக்குப் பொருத்தமானது. சவரம் செய்பவர் கண்ணையும் நினைவையும் கத்தியின் மேல் வைத்திருக்க வேண்டும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வேறெங்கோ பார்த்தால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ அறுபடும். அந்த உதாரணம் எங்கள் சகோதரிக்கு மிகவும் பிடித்துப்போனது. "மூக்கு அறுபட்டது" என்பது எங்களுக்குள் ஒரு குறிச்சொல்லாகவே ஆகிவிட்டது.

மூன்றாம் மாதம் இளைய பிள்ளைக்குக் காய்ச்சல், அதே வாரம் அலுவலகத்தில் காலாண்டுக் கணக்கு முடிப்பு. ஒன்பது நாள் புள்ளி இல்லை. பழைய ஆளாக இருந்தால் இதோடு முடிந்திருக்கும். செயலியில் 212 என்று வளர்ந்திருந்த எண் ஒருநாள் தவறிப் பூஜ்யமானபோது அவர் ஒரு வாரம் வேதாகமத்தையே தொடவில்லையாம். தொடர் எண்ணிக்கை ஏறும்வரை உற்சாகம் தருகிறது, உடைந்தால் ஆளையும் சேர்த்து உடைக்கிறது. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் மோசம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக இடைமதிப்பாக 66 நாள் ஆயிற்று; ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஒன்பது நாளைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை என்று அவரே குறுக்கிட்டார். கணக்குக்காரரிடம் எதையும் சொல்லிவிட முடியாது.

திரும்பி வர நாங்கள் பிடித்த வழி மிகச் சின்னது. முழுப் பத்து நிமிடம் வேண்டாம், மேசைக்கு வந்து உட்கார்ந்து ஒரே ஒரு வரி: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" (சங்கீதம் 70:1). ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன், எகிப்தின் ஐசக் என்ற மூத்த துறவி இந்த வரியைத்தான் எந்த நிலையிலும் சொல்லச் சொன்னதாக எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும் வீட்டிலும் அதைச் சொல்ல முடிந்தது. நாலு நாள் அதோடு போயிற்று. ஐந்தாம் நாள் சங்கீதம் திரும்ப வந்தது.

எங்கள் குழுவின் பங்கு

அவருடைய புதன்கிழமைப் பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். அந்த அதிகாலை மெசேஜ்களில் ஒரு வசனப் படம் நான் அனுப்பியது. எத்தனை பேருடைய அறைவீட்டுக்குள் நாங்கள் சூரிய உதயத்தோடு நுழைந்துகொண்டிருக்கிறோம்?

குழுவில் பேசினோம். ஜெபக்குறிப்புகளை ஒருவர் சேகரித்து மாலையில் ஒரே மெசேஜாகப் போடுவார். உயிர் போகும் அவசரம் என்றால் மெசேஜ் வேண்டாம், நேரடியாகப் போன் செய்யலாம். காலை எட்டு மணிக்கு முன் வசனப் படங்கள் வேண்டாம் என்று முடிவானது. சிலருக்கு வருத்தம். வசனம் அனுப்புவது ஊழியம், அதைத் தடுக்கலாமா என்று ஒரு மூத்த சகோதரர் கேட்டார். அவர் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது வேதவசனத்தைச் சொல்லிக்கொண்டு கதவைத் தட்டினாலும் தட்டுவது தட்டுவதுதானே. அவர் இன்னும் சில நாள் ஏழரைக்கு அனுப்புகிறார். விட்டுவிட்டோம்.

பத்தாம் மாதம்

இப்போது பெரும்பாலான நாள் இருபது நிமிடம் ஆகிறது. நீட்டும்படி யாரும் சொல்லவில்லை, தானாக நீண்டது. போன் கூடத்தில்தான் இருக்கிறது. படுக்கையில் போன் இல்லாததால் தூக்கமும் சீராகியிருக்கிறது. வேதபாடத்துக்குத் தயாரிக்கும்போது பழையபடி செயலியும் விளக்கவுரையும் கணினியும் வைத்துக்கொள்கிறார். அது படிப்பு, மாலையில் நடப்பது, அதில் போன் ஒரு தொல்லையும் தருவதில்லை. மனம் இப்போதும் ஓடுகிறது. எத்தனை தடவை என்று எண்ணுவதை அவர் நிறுத்திவிட்டார். வியாழக்கிழமைப் பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. இப்போது பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று வாக்கியங்கள் வருகின்றனவாம்.

ஞாயிறு காலை மட்டும் இன்னும் கைகூடவில்லை. அவர் பாடல் குழுவில் இருக்கிறார். ஆராதனைப் பாடல்களின் வரிசையும் மாற்றங்களும் சனி இரவு பத்து மணிக்கு மேல்தான் மெசேஜில் வரும், சில நாள் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திரும்பவும் மாறும். அதற்காகப் போன் மேசைக்கு வந்துவிடுகிறது. சனி மாலைக்குள் வரிசையை முடிவுசெய்ய முடியுமா என்று பாடல் குழுவை நடத்துபவரிடம் கேட்டிருக்கிறோம். பார்த்துவிட்டார் என்று மெசேஜ் காட்டுகிறது, பதில் இன்னும் வரவில்லை.